மாடித் தொட்டிக்கு மெல்லச் சத்து விடும் இயற்கை உரம்: எதை வாங்குவது, எப்போது போடுவது

மாடித்தோட்டம் போட முடிவு செய்தவர் முதலில் போய் நிற்கும் இடம் நர்சரி. அங்கே உர அலமாரியில் வேப்பம் புண்ணாக்கு, எலும்புத்தூள், மண்புழு உரம், கடல்பாசிக் குருணை, பெயரே புரியாத ஏதோ ஒரு கலவை எல்லாம் ஒரு கிலோ பாக்கெட்டாக வரிசையில் இருக்கும். எது தேவை என்று தெரியாது. அதனால் எல்லாவற்றிலும் ஒன்று வாங்கி, ஒரே நாளில் தொட்டியில் கொட்டிக் கிளறி, மறுநாளே நாற்றை நட்டுவிடுவார்கள். பத்து நாளில் நாற்று கருகும். உரத்தில் பெரும்பாலும் குறை இருக்காது. அது மண்ணோடு சேர வேண்டிய நாட்களை யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி 12 அங்குல வளர்ப்புப் பையில் தக்காளி, கத்திரி, மிளகாய் வளர்க்க நினைப்பவருக்கானது. அளவுகள் எல்லாம் அந்தப் பையை வைத்துத்தான். பெரிய டிரம்மில் வளர்ப்பவர்கள் மண்ணின் அளவுக்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம்.

முதலில், 'மெல்ல' என்றால் என்ன

யூரியா தண்ணீரில் கரைந்து சில நாட்களில் வேருக்குப் போய்விடும். புண்ணாக்கு அப்படிக் கரைவதில்லை. அதிலிருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) புரதமாகக் கட்டுண்டு கிடக்கிறது. மண்ணிலுள்ள பாக்டீரியாவும் பூஞ்சையும் அந்தப் புரதத்தைத் தின்று உடைத்து அம்மோனியமாக்க வேண்டும். இன்னொரு வகைப் பாக்டீரியா அந்த அம்மோனியத்தை நைட்ரேட்டாக்க வேண்டும். இவ்வளவும் நடந்த பிறகுதான் செடி அதை வயிறாரச் சாப்பிடும். ஆக, உரம் எத்தனை நாள் வரும் என்பதைப் பாக்கெட் முடிவு செய்வதில்லை. உங்கள் தொட்டியின் ஈரமும் சூடும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் முடிவு செய்கின்றன.

வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இந்த நுண்ணுயிர்களின் வேகம், ஓர் எல்லை வரைக்கும், ஏறக்குறைய இரட்டிப்பாகும். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்பில் 'நான்கு மாதம் வரும்' என்று இருக்கிற உரம், நம் ஊர் மொட்டைமாடியில் இரண்டு மாதத்தில் தீர்ந்துபோவது இதனால்தான். அடுத்தது ஈரம். தொட்டி காய்ந்துவிட்டால் வேலை நின்றுவிடும். நாலு நாள் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து, காய்ந்து வெடித்த மண்ணில் தண்ணீர் ஊற்றினால் அடங்கியிருந்த வேலை ஒரேயடியாகக் கிளம்பி, சத்து மொத்தமாக வெளியே வரும். அதில் பாதி தொட்டியின் அடித்துளை வழியாக ஓடிவிடும்.

'ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்' என்று கிராமத்தில் சொல்வார்கள். எந்த எரு எப்போது வேலை செய்யும் என்ற கணக்கு அதில் முழுதாக இருக்கிறது. நாம் செய்யப்போவதும் அதே கணக்குத்தான்: எது இந்த மாதம், எது அடுத்த மாதம், எது அடுத்த பட்டம் (சாகுபடிப் பருவம்) என்று பார்த்து வாங்குவது.

படி 1: செடி எத்தனை நாள் நிற்கும் என்று பாருங்கள்

கீரை 25, 30 நாளில் அறுவடையாகிவிடும். அதற்குப் போய் எலும்புத்தூளும் வேப்பம் புண்ணாக்கும் போடுவது வீண். உரம் விழித்துக்கொள்ளும் முன்பே கீரை குழம்புக்குப் போயிருக்கும். நன்கு மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் மட்டும் கலந்த மண் அதற்குப் போதும்.

தக்காளி நட்டதிலிருந்து சுமார் நாலு மாதம். கத்திரியும் மிளகாயும் ஐந்து, ஆறு மாதம் நிற்கும். கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், இன்னும் நீளும். மெல்லச் சத்து விடும் உரம் வேண்டியது இவற்றுக்குத்தான். வெண்டை இடையில் வரும். ஆழமாக வேர்விடும் செடி, பூத்த பிறகும் தொடர்ந்து சாப்பிடும். அதைத் தக்காளிக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: மண் கலவையையும் தண்ணீரையும் சரிபாருங்கள்

உரம் வாங்குமுன் இதைப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் தொட்டியில் உரத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

செம்மண் ஒரு பங்கு, மட்கிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு என்பது பரவலாகப் புழங்கும் கலவை. இதில் 'மட்கிய' என்ற இடத்தில்தான் ஏமாறுகிறோம். மட்காத நார்க்கழிவில் கரிமத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 100-ஐத் தாண்டும். இந்த விகிதம் 20-க்குக் கீழே இருந்தால் பொருள் மட்கும்போது தழைச்சத்தை வெளியே விடும். 30-க்கு மேலே போனால் நுண்ணுயிர்கள் தங்கள் தேவைக்குச் சுற்றியிருக்கும் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். நீங்கள் செடிக்கென்று போட்ட வேப்பம் புண்ணாக்கை நார்க்கழிவு தின்றுவிடும். செடி வெளுத்து நிற்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் வித்தும் கொஞ்சம் யூரியாவும் சேர்த்து நார்க்கழிவை மட்கவைக்கும் முறையைப் பல காலமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறது. அப்படி மட்கியதில் விகிதம் 24 அளவுக்கு இறங்கிவிடும். கடையில் விற்கும் அழுத்திய கட்டி அநேகமாக மட்காதது. அதுதான் கிடைக்கிறது என்றால் இரண்டு, மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடித்து உப்பை எடுத்துவிடுங்கள். கலவையில் அதன் பங்கைப் பாதியாக்கி, மண்ணைக் கூட்டுங்கள். மரத்தூள் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். அதன் விகிதம் இன்னும் மோசம்.

அடுத்தது தண்ணீர். குழாய் வாயில் வெள்ளைப் படிவம் கட்டுகிறதா? பாத்திரத்தில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறதா? அப்படியானால் உங்கள் போர் தண்ணீர் கடினம். தினம் அதை ஊற்றும் தொட்டி மண் நாளடைவில் காரமாகும் (அமிலத்துக்கு எதிரான தன்மை). இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எலும்புத்தூள் வாங்கலாமா, சாம்பல் போடலாமா என்பதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது. மழைநீரைப் பிடித்து வைக்க முடிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

படி 3: தழைச்சத்துக்கு எந்தப் புண்ணாக்கு

மெல்லச் சத்து விடும் உரம் என்ற பேச்சில் முக்கால்வாசி இந்த ஒரு கேள்விதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

வேப்பம் புண்ணாக்கில் தழைச்சத்து 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) முறையே ஒரு சதவீதம், ஒன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். இந்த எண் பிரமாதம் ஒன்றும் இல்லை. ஆனால் வேம்பின் கசப்புப் பொருட்கள், அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவின் வேகத்தைக் குறைக்கின்றன. நைட்ரேட்தான் தண்ணீரோடு எளிதில் ஓடிவிடும் வடிவம். அதன் உற்பத்தி மெதுவானால் இழப்பும் குறையும். 2015-இல் உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். தினமும் தண்ணீர் ஊற்றி அடியில் வடியும் தொட்டிக்கு இந்தக் குணம் வயலைவிட அதிகம் உதவும். வேர்முடிச்சு நூற்புழுவை மட்டுப்படுத்துவது கூடுதல் லாபம். புதியவர் ஒரே ஒரு புண்ணாக்குத்தான் வாங்க வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம்.

புங்கம் புண்ணாக்கு ஏறக்குறைய வேம்பின் தம்பி. தழைச்சத்து 4 சதவீதத்தை ஒட்டி; நைட்ரேட்டாக மாறுவதை மெதுவாக்கும் குணம் இதற்கும் உண்டு. விலை குறைவாகக் கிடைத்தால் வேம்புக்குப் பதிலாகவோ பாதிக்குப் பாதியாகவோ போடலாம்.

கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து 7 சதவீதம். எண்ணைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். இது வேகமாக உடையும். தொட்டிக்குள் சூடு கிளப்பும். மேலாகக் கிடந்தால் பூஞ்சணம் பூத்து, எறும்பு மொய்த்து, நாற்றமும் அடிக்கும். இரண்டு, மூன்று வாரத்தில் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும் என்பதால் இதை மெல்ல விடும் உரம் என்றே சொல்ல முடியாது. போதாக்குறைக்கு இது மாட்டுத் தீவனம், விலையும் அதிகம். மாட்டுக்குப் போனால் பாலாகவும் வரும், சாணமாகவும் வரும். தொட்டிக்குப் போட்டால் எறும்புக்குத்தான் லாபம். எள்ளுப் புண்ணாக்கும் தேங்காய்ப் புண்ணாக்கும் இதே கதைதான்.

ஆமணக்குப் புண்ணாக்கு தழைச்சத்தில் கிட்டத்தட்ட வேம்புக்குச் சமம், செடிக்கு நல்லது. ஆனால் ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கடும் நச்சு இருக்கிறது. புண்ணாக்கிலும் அது மிஞ்சியிருக்கலாம். அந்த வாசனை நாய்களுக்குப் பிடிக்கும். தோண்டித் தின்று செத்துப்போன நாய்கள் உண்டு. வீட்டில் நாயோ, மண்ணை வாயில் வைக்கும் குழந்தையோ இருந்தால் இந்தப் பாக்கெட்டைத் தொடவே வேண்டாம். மற்றவர்களும் மூக்கை மூடிக்கொண்டுதான் கலக்க வேண்டும், இதன் தூசி சிலருக்கு மூச்சுத்திணறல் தரும்.

இலுப்பைப் புண்ணாக்கு இரண்டரை சதவீதம்தான். நுரைக்கும் சப்போனின் நிறைந்தது. மீன் குளங்களில் வேண்டாத மீன்களைக் கொல்ல இதைப் போடுவார்கள் என்றால் வீரியம் புரியும். மண்புழு விட்டிருக்கும் தொட்டியில் இதைப் போட்டால் புழுக்கள் தாங்காது.

புண்ணாக்கு தவிர இன்னொன்று உண்டு. பக்கத்தில் ஆடு வளர்ப்பவர் இருந்தால் காய்ந்த ஆட்டுப் புழுக்கை கேட்டு வாங்குங்கள். தழைச்சத்து 3 சதவீதம் வரை. சாம்பல்சத்தும் 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அந்த உருண்டை வடிவமே வெளியிலிருந்து உள்ளுக்கு மெல்லக் கரைவதற்கென்று செய்தது போலிருக்கும். அறுவடை முடிந்த வயலில் காசு கொடுத்து, ஆடுகளை இரவில் அடைத்துக் கிடை போடச் சொல்வார்களே, அது சும்மா இல்லை. தொட்டிக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: களைவிதை உயிரோடு வரும். ஒரு மாதமாவது ஈரமாகக் குவித்து மூடிவைத்து மட்கவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கோழி எரு பல்லடம், நாமக்கல் பக்கம் மலிவாகக் கிடைக்கும். அதில் தழைச்சத்தின் பெரும்பகுதி யூரிக் அமிலமாக இருப்பதால் சட்டென்று அம்மோனியாவாகிவிடும். மட்கவைக்காமல் போட்டால் வேர் பொசுங்கும். முதல் பட்டத்துக்கு இது வேண்டாம்.

அப்புறம் மீன் அமிலம், பஞ்சகவ்யா, புண்ணாக்கை ஊறவைத்த கரைசல் எல்லாம் எங்கே வருகின்றன? அவை வேகமான ரகம். செடி வாடி நிற்கும்போது கைகொடுக்கும். நடும் முன் மண்ணில் கலக்கும் அடிஉரத்தின் இடத்தை அவற்றால் பிடிக்க முடியாது.

படி 4: மணிச்சத்துக்கு எலும்புத்தூள் போடலாமா

எலும்புத்தூளில் மணிச்சத்து 20 சதவீதத்துக்கு மேல். ஒருமுறை போட்டால் ஒரு வருஷத்துக்கும் மேல் கிடக்கும். ஆனால் அமில மண்ணில்தான் அது ஒழுங்காகக் கரையும். நடுநிலையைத் தாண்டிக் காரமான மண்ணில் அது கல் மாதிரி அப்படியே கிடக்கும். படி 2-இல் தண்ணீரைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் அமில மண்ணில் எலும்புத்தூளும் பாறைப் பாஸ்பேட்டும் நன்றாக வேலை செய்யும். சென்னையில் கடின போர் தண்ணீர் ஊற்றுபவர் எலும்புத்தூள் போட்டால் காசு மண்ணில் போகிறது என்று அர்த்தம். அவர்களுக்கு மண்புழு உரமும் பாஸ்போபாக்டீரியாவும் மேல். பாஸ்போபாக்டீரியா மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும். வேளாண் துறைக் கிடங்கிலேயே மலிவாகக் கிடைக்கும்.

வாங்குவதானால் ஆவியில் வேகவைத்த எலும்புத்தூளை வாங்குங்கள். பச்சை எலும்புத்தூளைவிட அதிலிருந்து செடிக்குக் கிடைக்கும் பங்கு அதிகம், கிருமி பயமும் குறைவு. நன்றாக அரைத்த மாவாக இருக்க வேண்டும். குருணையாக இருந்தால் அடுத்த வருஷம்தான் அதன் முகத்தைப் பார்க்கலாம்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால் 'கால்சியம் குறைவு, எலும்புத்தூள் போடு' என்று உடனே யோசனை வரும். பெரும்பாலும் அது தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மறப்பதால் வருவது. மண்ணில் சுண்ணாம்பு இருந்தாலும் அதைக் காய் வரை சுமந்துபோக ஈரம் சீராக இருக்க வேண்டும்.

படி 5: சாம்பல்சத்து, வாழைப்பழத் தோல், முட்டை ஓடு

மெல்ல விடும் இயற்கைச் சாம்பல்சத்து என்று ஒன்று கிட்டத்தட்டக் கிடையாது. தாவரத்தில் சாம்பல்சத்து எதனோடும் கட்டுண்டு இருப்பதில்லை, செல் சாற்றில் மிதக்கிறது. தாவரம் செத்து நனைந்தாலே வெளியே வந்துவிடும். ஆகவே இதை ஒரே தடவையில் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்பதுதான் வழி. தொழுவுரம் தாராளமாகக் கலந்த தொட்டியில் பூக்கும் வரை கவலையே இல்லை.

விறகுச் சாம்பல் நல்ல மூலம், ஆனால் கடுங்காரம். மென்தண்ணீர் ஊற்றுபவர்கள் மாதம் ஒரு தேக்கரண்டி தூவலாம். கடினத் தண்ணீர்க்காரர்கள் விட்டுவிடுங்கள். மண் காரமானால் இரும்புச்சத்து கிடைக்காமல் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். கடைக்குப் போனால் அதற்கும் ஓர் உரம் விற்பார்கள்.

வாழைப்பழத் தோலை அப்படியே மண்ணில் புதைத்தால் பழ ஈயும் எலியும் வரும். மட்குத் தொட்டியில் போட்டு வாருங்கள். முட்டை ஓட்டை மாவாக அரைக்காமல் போட்டால் அடுத்த வருஷமும் அதே ஓட்டை மண்ணில் பொறுக்கலாம்.

படி 6: கடையில் நிற்கும்போது

பாக்கெட்டில் மூன்று சத்துகளின் சதவீதமும் தயாரித்த தேதியும் இருக்க வேண்டும். 1985-ஆம் ஆண்டின் உரக்கட்டுப்பாட்டு ஆணை மண்புழு உரத்துக்குக் குறைந்தது 1 சதவீதத் தழைச்சத்து வேண்டும் என்கிறது. 'இயற்கை', 'சூப்பர்', 'நாட்டு மாட்டு' என்று பெரிய எழுத்தில் போட்டு, சதவீதத்தை எங்கேயும் காட்டாத பாக்கெட்டைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

வேப்பம் புண்ணாக்கில் மண், மணல், கடலைத்தோல் கலப்பது சகஜம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்கி பத்து நிமிஷம் விடுங்கள். அடியில் மணல் தனியாகப் படிந்து, விரலால் தேய்க்கும்போது நறநறவென்றால் கலப்படம். நல்ல புண்ணாக்கு தண்ணீரில் ஊறிப் பொதபொதவென்று உப்பும்; கசப்பு நெடி தூக்கலாக இருக்கும். நெடியே இல்லாமல் காய்ந்த மரத்தூள் மாதிரி இருந்தால் அதில் வேம்பு கொஞ்சம்தான். முடிந்தால் எண்ணெய் ஆட்டும் செக்கிலேயே கேட்டு வாங்குங்கள். கட்டியாகத் தருவார்கள், உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மண்புழு உரத்தைக் கையில் அள்ளிப் பிசைந்தால் டீத்தூள் போல உதிர வேண்டும். மண்வாசம் வர வேண்டும். சாணி நாற்றம் வந்தால் இன்னும் ஆகவில்லை. கூழாங்கல் அகப்பட்டால் எடைக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

பல சத்துகளைக் கலந்த விலையுயர்ந்த கலவை பாக்கெட் புதியவருக்குத் தேவையில்லை. அதில் இருப்பதும் பெரும்பாலும் இதே புண்ணாக்கும் எலும்புத்தூளும்தான். எது எவ்வளவு என்று தெரியாததால், செடிக்கு ஏதாவது ஆனால் காரணமும் தெரியாது.

படி 7: அளவும் கலக்கும் முறையும்

12 அங்குலப் பையில் 10 அங்குலம் மண் நிரப்பினால் சுமார் 18 லிட்டர். ஒரு தக்காளிச் செடி தன் ஆயுளில் ஏறக்குறைய 4, 5 கிராம் தழைச்சத்து கேட்கும் என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோ மண்புழு உரத்தில், ஈரம் போக, 15 கிராம் தழைச்சத்து இருக்கும். ஆனால் முதல் பட்டத்தில் அது விடுவது அதில் சிறு பங்குதான், 2 கிராம் என்று கொள்ளுங்கள். 80 கிராம் வேப்பம் புண்ணாக்கில் 4 கிராம். மூன்று மாதத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல் வெளியே வரும். மீதியை, செடி வளரும்போது போடும் மேலுரமாகக் கொடுக்கப்போகிறோம். ஆக அடிஉரம்: மண்புழு உரம் 2 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 80 கிராம், தண்ணீர் மென்மையாக இருந்தால் எலும்புத்தூள் 30 கிராம். தராசு இல்லையா? லேசாகக் குவித்த ஒரு கைப்பிடி புண்ணாக்கு 40 கிராமை ஒட்டி வரும். இரண்டு கைப்பிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய்க்கு இதில் முக்கால் பங்கு போதும்.

தொட்டி தொட்டியாகக் கலக்காமல், எல்லாத் தொட்டிக்கான மண்ணையும் ஒரு தார்ப்பாய் மேல் கொட்டி மொத்தமாகக் கலக்குங்கள். அசோஸ்பைரில்லம் (தழைச்சத்து சேர்க்கும் பாக்டீரியா), பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி (வேர் நோயைத் தடுக்கும் பூஞ்சை) மூன்றையும் கைப்பிடி தொழுவுரத்தோடு பிசைந்து தூவிக்கொள்ளலாம். தோட்டக்கலைத் துறை கொடுக்கும் மாடித்தோட்டத் தளையிலேயே (கிட்) இவை வரும். தண்ணீர் தெளித்து, கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். சாக்குப் போட்டு மூடி நிழலில் வையுங்கள்.

மூன்றாம் நாள் குவியலுக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். லேசாக மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடையும் வரும். இந்தக் கட்டத்தில் நட்டால்தான் நாற்று கருகுகிறது. ஐந்து நாளுக்கு ஒருமுறை கிளறி, காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள். மூன்று வாரத்தில் சூடு அடங்கி, வாடை போய், மண்வாசம் வந்துவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு கிண்ணத்தில் இந்த மண்ணை எடுத்து வெந்தயம் தூவிப் பாருங்கள். நான்கைந்து நாளில் நுனி கருகாமல் ஒரே சீராக முளைத்தால் மண் தயார்.

இந்த மூன்று வாரம் வீணாகவும் போவதில்லை. நாற்று வளர்க்கும் குழித்தட்டில் தக்காளி விதை போடும் அதே நாளில் மண்ணையும் கலந்து வையுங்கள். நாற்று நடும் பருவத்துக்கு வர 25 நாள் ஆகும், மண்ணும் அதற்குள் ஆறியிருக்கும். ஆடிப்பட்டத்துக்கு நட நினைப்பவர் ஆனி பாதியில் தார்ப்பாயை விரித்துவிட வேண்டும்.

படி 8: மேலுரமும் மூடாக்கும்

நட்ட 30-ஆம் நாள், முதல் பூ தெரியும் சமயத்தில், தொட்டிக்கு 30 கிராம் வேப்பம் புண்ணாக்கும் இரண்டு கைப்பிடி மண்புழு உரமும். தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி, ஓர் அங்குல மண்ணைக் கீறி, போட்டு மூடுங்கள். மேலாகத் தூவிவிட்டால் காய்ந்து பொருக்காகும், வேருக்குச் சேராது. இன்னொரு தடவை 60-ஆம் நாள். உரம் உடைய இரண்டு வாரமாவது ஆகும் என்பதால் செடி வெளுத்த பிறகு போட்டுப் பயனில்லை, தேதி பார்த்து முன்கூட்டியே போட வேண்டும்.

மூடாக்கு போடாத தொட்டியில் மேல் இரண்டு அங்குலம் மதியத்துக்குள் சுட்டுக் காய்ந்துவிடும். மேலுரம் கிடப்பது அங்கேதான். காய்ந்த இலை, கரும்புச் சோகை, வைக்கோல் எதுவானாலும் இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள். மண்ணோடு கலக்காமல் மேலே கிடக்கும் வரை அது தழைச்சத்தைப் பெரிதாகப் பிடுங்காது. சித்திரை, வைகாசியில் இதைச் செய்யாவிட்டால் மற்ற எல்லாப் படியும் பாதி வீண்.

வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் மேலுரத்தைப் பாதியாகக் குறைத்து, மழை விட்டபின் மீதியைப் போடுங்கள். தொடர்ந்து நனையும் தொட்டியில் சத்து அடித்துளை வழியே போய்விடும். நீர் தேங்கினால் நுண்ணுயிர்களுக்கு மூச்சு முட்டி அழுகல் நாற்றம் வரும்.

செடி என்ன சொல்கிறது

அடி இலைகள் முதலில் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்து குறைவு. உடனடிக்கு மண்புழு உரத்தை ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து வடித்து ஊற்றுங்கள், கூடவே மேலுரத்தை முன்னதாகப் போடுங்கள். செடி கரும்பச்சையாய்க் கொழுத்து, இலை கீழ்நோக்கிச் சுருண்டு, பூ மட்டும் வராமல் நின்றால் உரம் அதிகம். அடுத்த தவணையை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றி வாருங்கள். இலை ஓரம் மட்டும் கருகினால் உப்போ, மண் காய்ந்ததோ, மட்காத புண்ணாக்கோ என்று மூன்றையும் சந்தேகியுங்கள். மேல்மண்ணில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், புண்ணாக்கு மட்குகிறது. கிளறி மூடினால் போதும்.

அடுத்த பட்டத்துக்கு

பழைய மண்ணைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் பட்டத்தில் போட்ட மண்புழு உரத்தில் பெரும்பகுதி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வேரை எடுத்துவிட்டு இரண்டு நாள் வெயிலில் பரப்பி, ஒரு கிலோ மண்புழு உரமும் 50 கிராம் வேப்பம் புண்ணாக்கும் மட்டும் கலந்து, அதே மாதிரி ஈரமாக மூடி வையுங்கள். எலும்புத்தூள் இரண்டாம் தடவை வேண்டாம். தக்காளி நின்ற மண்ணில் மறுபடி தக்காளியோ கத்திரியோ வைக்காமல் வெண்டையோ கொத்தவரையோ வைத்தால் நோயும் குறையும். மண் மேல் வெள்ளை உப்புப் பூத்திருந்தால் கலக்கும் முன்பே நல்ல தண்ணீரை நிறைய விட்டு ஒருமுறை அலசி வடித்துவிடுங்கள்.